கோந்துக் கோட்டைக்குள் ஒரு எட்டு

காஞ்சிபுரம் போய்ச் சேலை எடுக்காமல் திரும்பியவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் அதன் தலைவி நான்தான். உறுப்பினரும் நான் ஒருத்திதான். பையில் ஜரிகை மினுங்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் மினுங்குகின்றன. மூன்று நாளாகத் தேய்க்கிறேன், அசையவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "எந்த எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்கிறார்கள்.

இது ஓட்டு மை இல்லை. கிருமிகளுக்குச் சாயம் போட்டபோது ஒட்டிய கறை. காலையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏறுவதைப் பார்த்தேன். மதியம் பாக்டீரியாவுக்குச் சாயம் ஏறுவதைப் பார்த்தேன். இரண்டு கூத்தும் ஒரே ஊரில், ஒரே நாளில்! அந்தத் தலைகிறுகிறுப்பு அடங்கும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன். நடுவில் மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை: பசை உருகும் தொட்டி

பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் விடிந்தும் விடியாததுமாகத் தறிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. அந்தச் சத்தத்தைத் தாண்டி ஒரு சாயப்பட்டறை. உள்ளே போனதும் சோப்பு வாசனையும் ஆவியுமாக முகத்தில் அடித்தது. என் மூக்குக்கண்ணாடி இரண்டு நிமிடம் வேலை நிறுத்தம் செய்தது.

பட்டறைப் பெரியவர் என் கையில் ஒரு நூல் கற்றையைக் கொடுத்தார். மங்கலாக, விறைப்பாக, காய்ந்த வைக்கோல் மாதிரி இருந்தது.

"இது பட்டா ஐயா?"

"பட்டுதாம்மா. குளிக்காத பட்டு. இப்ப இதத் தொடுங்க" என்று இன்னொரு கற்றையைக் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. பூனைக்குட்டியின் காது மாதிரி!

இரண்டும் ஒரே நூல்தான். நடுவில் நடந்தது ஒரு குளியல். பட்டுப்புழு கூடு கட்டும்போது இழையை மட்டும் கக்குவதில்லை, இழையைச் சுற்றி ஒரு பசையையும் பூசிவிடுகிறது. இழைக்கு ஃபைப்ராயின் என்று பெயர், பசைக்கு செரிசின். கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்தால் பசை கரைந்து போகும், நூல் இளைத்துப் பளபளக்கும். சாயத் தொட்டியின் முறை அதற்குப் பிறகுதான்.

"குளிக்க வைக்காம நேரா சாயத்துல போட்டா?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "மேலாப்புல நிக்கும். உள்ள எறங்காது. ரெண்டு கழுவு கழுவினா பல்ல இளிச்சிடும். சாயத்தத் திட்டி என்ன பண்றது? பசைய எடுத்தியான்னு கேக்கணும்."

அப்போது எனக்கு அது ஒரு தொழில் ரகசியமாக மட்டும்தான் பட்டது. மதியத்துக்குள் அதே வாக்கியம் வேறு வேடம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்று நான் கண்டேனா?

மதியம்: 96 குழிப் பணியாரச் சட்டி

அண்ணன் மகள் நுண்ணுயிரியல் படிக்கிறாள். "அத்தை, சாயம் பாக்கத்தானே வந்தீங்க? எங்க லேபுக்கு வாங்க, அங்கயும் சாயம்தான்" என்று இழுத்துக்கொண்டு போனாள். எந்த லேப் என்று எழுதக் கூடாது என்பது அவள் போட்ட முதல் நிபந்தனை. இரண்டாவது நிபந்தனை, வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி மேற்பார்வை பார்த்தாள். (இந்தக் கைகழுவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.) அப்புறம் வெள்ளைக் கோட்டு, கையுறை.

உள்ளே ஓர் இரும்பு அலமாரி, கதவில் 37 என்று வெப்பநிலை எண். நம் உடம்புச் சூடு! கிருமிகளுக்கு வீட்டில் இருக்கிற நினைப்பு வர வேண்டுமாம். கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தாள். உள்ளங்கை அகலத்தில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. நான் பார்த்த பணியாரச் சட்டிகளிலேயே மிகச் சின்னது அதுதான். குழிகளில் மாவுக்குப் பதில் சாறு, சாற்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ். "பயப்படாதீங்க, நம்ம தோல்லயே குடியிருக்கிற வகைதான். முழுசா ஒரு நாள் ஊறியிருக்கு."

சாற்றைக் கவிழ்த்துக் கொட்டினாள். நீர் விட்டு அலசினாள். மறுபடி அலசினாள். மூன்றாம் முறையும் அலசிவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்லையேடி?"

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சுக்கிறாங்க."

பாட்டிலிலிருந்து ஊதா நிறத் திரவம் ஒவ்வொரு குழிக்குள்ளும் சொட்டியது. கிரிஸ்டல் வயலட். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்கு அம்மா தடவிவிட்ட ஜி.வி. பெயின்ட் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜென்ஷன் வயலட்டில் பெரும்பங்கு இதே சரக்குதான். கால் மணி நேரம் காத்திருந்தோம். ஊதாவைக் கொட்டி, மறுபடி அலசல்.

இப்போது பார்க்க வேண்டுமே! சில குழிகள் துடைத்து வைத்த கண்ணாடி. சிலவற்றின் அடியிலும் சுவரிலும் மட்டும் அடர்ந்த ஊதா வளையம். மூன்று அலசலுக்கும் அசையாமல் ஏதோ ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் அதுவரை தெரியவில்லை.

"அத்தை, மீட் பயோஃபிலிம்" என்றாள்.

நான் ஆர்வக்கோளாறில் கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோனில் படம் எடுக்கப் போனேன். விரலில் கறை ஏறிய வரலாறு இவ்வளவுதான்.

பயோஃபிலிம் என்றால் உயிர்ப்படலம். குழாய் அடியில் வழவழக்கும் பூச்சு, குடத்தின் உள்சுவரில் விரலால் தேய்த்தால் வருகிற கொழகொழப்பு, காலையில் பல்லை நாக்கால் தடவும்போது தட்டுப்படும் மாவுப் படிவு, தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் கல்லில் காலை வழுக்கிவிடுகிற அந்தப் பிசுக்கு, எல்லாம் இந்தக் குடும்பம்தான். தனித்தனியாக நீந்தித் திரிந்த பாக்டீரியாக்கள் ஓர் இடத்தில் ஒட்டி, தங்களைச் சுற்றித் தாங்களே கோந்து சுரந்து, அதற்குள் குடித்தனம் நடத்தும் ஏற்பாடு.

கடைசிச் சடங்கு: குழிகளில் நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டாள், ஊதா கரைந்தது. ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவிக்குள் தட்டு போனது. ஊதா எவ்வளவு அடர்த்தியோ, படலம் அவ்வளவு கனம். லேப் முழுக்க வினிகர் வாடை. வினிகரும் அசிட்டிக் அமிலம்தானே? பட்டுச் சாயத் தொட்டியில் அமிலச் சாயங்கள் நூலைப் பிடித்துக்கொள்வதற்கும் இதே அமிலத்தைச் சேர்ப்பதுண்டு. காலையும் மதியமும் என் மூக்கில் கைகுலுக்கிக்கொண்டன!

ஒரு ஜவுளிக்காரரின் பல் அழுக்கு

இன்னொரு சங்கதி சொன்னால் காஞ்சிபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். இந்தக் கோந்துக் கூட்டத்தை உலகில் முதன்முதலில் பார்த்தவர் டாக்டர் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஜவுளி வியாபாரி!

ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணிக்கடை வைத்திருந்த அந்தோனி வான் லேவன்ஹூக். துணியின் இழையைப் பரிசோதிக்க ஜவுளிக்காரர்கள் லென்ஸ் வைத்துக்கொள்வது அக்காலத்து வழக்கம். இவர் அதோடு நிற்காமல் தானே லென்ஸ் தேய்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதற்குக் கீழே வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 1683-ல் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளை மாவைப் பார்த்தார். துள்ளிக் குதிக்கும் சிற்றுயிர்க் கூட்டம்! லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் பறந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குச் சிலிர்த்தது. வினிகரால் வாயைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தார். படிவின் மேற்பக்கம் இருந்தவை மட்டும் செத்திருந்தன, உள்ளே இருந்தவை சௌக்கியம். வினிகர் படிவுக்குள் புகவில்லை என்று எழுதி வைத்தார். "மேலாப்புல நிக்கும், உள்ள எறங்காது" என்று பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் சொன்னதை மூன்று நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு துணிக்காரர் பல்லில் பார்த்திருக்கிறார்.

பிறகு வந்த விஞ்ஞானம் இதை ஏறக்குறைய மறந்தது. ஒரே ஒரு கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துப் படிக்கும் ராபர்ட் கோக்கின் முறை வென்றது. அது நோய்களுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த பொன்னான முறை. ஆனால் கிருமியைக் கூட்டத்திலிருந்து பிரித்தால் கூட்டத்தின் குணம் எப்படித் தெரியும்? கனடாவைச் சேர்ந்த பில் காஸ்டர்டன் மலை ஓடைகளில் இறங்கிப் பார்த்தபோது, ஓடும் நீரில் இருப்பதைவிட வழுக்கும் பாறைகளில்தான் பாக்டீரியா மொய்த்துக் கிடந்தது. 1978-ல் தன் சகாக்களுடன் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கட்டுரை எழுதி, பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வாழும் உயிர் என்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

கோட்டைக்குள் நுழைவோமா?

செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். ஆளைச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டும்: ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒற்றைப் பட்டு இழையின் குறுக்கே பத்துப் பேரை வரிசையாக உட்கார வைக்கலாம்.

முதல் கட்டம், ஒட்டுதல். நீந்தி வந்தவர் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். இப்போதைக்கு வாடகை வீடு, பிடிக்காவிட்டால் கிளம்பலாம். இரண்டாம் கட்டம், பிடித்துவிட்டது! கோந்து சுரக்கிறது, இனி சொந்த வீடு. மூன்றாம் கட்டம், பிள்ளைகுட்டி பெருகி, தெருவாகி, பேட்டையாகிறது. முற்றிய கோட்டைகளில் தண்ணீரும் உணவும் ஓட வாய்க்கால்கூட இருக்கிறது! கடைசிக் கட்டம், சிலர் கோட்டையை விட்டுக் கிளம்பிப் போய்ப் புதுக் கிளை திறக்கிறார்கள்.

கோந்து என்கிறேனே, அது எவ்வளவு தெரியுமா? பட்டில் பசை கால் பங்கு. இங்கே தண்ணீரை வடித்துவிட்டு எடை போட்டால் பெரும்பாலான படலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் கோந்துதான், மிச்சம்தான் பாக்டீரியா! சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள் எல்லாம் கலந்த கலவை. அதில் கட்டுக்கம்பி மாதிரி டி.என்.ஏ.வும் ஓடுகிறது. 2002-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை ஊற்றிப் பார்த்தபோது இளம் படலங்கள் கரைந்தே போயின.

ஒரு கோட்டையில் ஒரே இனம்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பல்லின் மேல் முதலில் குடியேறுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம். ஈறு நோய்க்காரர்கள் பின்னால் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நேரடி ஒட்டுறவு குறைவு. நடுவில் ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான ஆசாமி வந்து ஒரு கையால் இவர்களையும் மறு கையால் அவர்களையும் பிடித்துக்கொள்கிறார். காஞ்சிபுரத்தில் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி இழைக்கு இழை கோத்துவிடுகிறார்களே, கோர்வை! அதே வேலை. துணி கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்று இங்கே பெருமை பேசுவார்கள். பல் டாக்டர்கள் ஃபியூசோபாக்டீரியத்தைப் பற்றி அதையேதான் அலுத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இவ்வளவு கட்டுமானத்துக்கு மேஸ்திரி யார்? யாருமில்லை, பேச்சுதான். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விடுகிறது. கூட்டம் கூடக் கூட அந்த மூலக்கூறு அடர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் "நாம நிறைய பேர் இருக்கோம், ஆரம்பிக்கலாம்" என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகவல். 1998-ல் இந்தப் பேச்சை ஊமையாக்கிப் பார்த்தார்கள். சூடோமோனாஸ் பாக்டீரியாவில் அந்த மூலக்கூறைத் தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்டால், எழும்பியது கோபுரம் இல்லை, தட்டையான பூச்சு. அதில் சோப்பு ரகத்தைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருளை ஊற்றினார்கள். கலைந்து போனது! பேசத் தெரிந்த கூட்டத்தின் கோட்டையோ அதே சோப்புக்கு அசையவில்லை.

சோப்பு! காலையில் தொட்டியில் கொதித்ததும் சோப்புதானே? நான் லேபில் நின்றபடியே துள்ளினேன். அண்ணன் மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பெரியப்பாவின் முட்டி

துள்ளல் ஒரு நிமிடம் நின்றது. பெரியப்பா ஞாபகம் வந்தது. முட்டி தேய்ந்து, செயற்கை மூட்டு வைத்தார்கள். சில மாதத்தில் முட்டி வீங்கிக் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், காய்ச்சல் விட்டது. மாத்திரை முடிந்து பத்தாம் நாள் மறுபடி காய்ச்சல். மறுபடி மாத்திரை, மறுபடி அடங்கல், மறுபடி காய்ச்சல். வீட்டில் எல்லோரும் "மாத்திரை டூப்ளிகேட்டா இருக்கும்" என்றோம். கடைசியில் மூட்டையே கழற்றி, சுத்தம் செய்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, அப்புறம் வேறு மூட்டு வைத்தார்கள். "ஒரு சின்னக் கிருமிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று பெரியம்மா அழுதார்.

எதற்கு என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. உலோக மூட்டின் மேல் கோட்டை கட்டியிருந்தது. மாத்திரை ரத்தத்தில் நீந்தியவர்களைக் கொன்றது, காய்ச்சல் விட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா தனியாக நீந்துவதைவிட ஆயிரம் மடங்கு வரை மருந்தைத் தாங்குவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

அவர்களிடம் மூன்று சூழ்ச்சிகள். முதலாவது, கோந்தே கேடயம்: சில மருந்துகள் வழியிலேயே கோந்தில் சிக்கி நின்றுவிடும். இரண்டாவது, தூக்கம்: கோட்டையின் அடியில் இருப்பவர்களுக்கு உணவும் காற்றும் குறைவு, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். பெனிசிலின் வகை மருந்து, பாக்டீரியா சுவர் கட்டும்போது புகுந்து கெடுக்கும். கொத்தனார் தூங்கினால் எதைக் கெடுக்க? மூன்றாவது, கும்பகர்ணர்கள். 1944-ல் ஜோசப் பிக்கர் என்பவர் பெனிசிலினில் ஊறிய ஸ்டெஃபைலோகாக்கஸ் கூட்டத்தை எண்ணிப் பார்த்தார். பத்து லட்சத்தில் ஒன்று போலச் சாகாமல் மிஞ்சியிருந்தது. மிஞ்சியதை எடுத்து வளர்த்தால், பிள்ளைகள் அதே பெனிசிலினில் சமத்தாகச் செத்தன! அதாவது மிஞ்சியவை மருந்தை எதிர்க்கக் கற்றவை இல்லை, வெறுமனே விழுந்து படுத்திருந்தவை. அவற்றுக்கு விடாக்கண்டர்கள் என்ற பொருளில் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார்.

இந்த வித்தியாசம் முக்கியம். தாக்குப்பிடிப்பது வேறு, எதிர்ப்பது வேறு. கோட்டையை விட்டு வெளியே வந்தால் தாக்குப்பிடித்தவன் சாவான். எதிர்க்கக் கற்றவன் வெளியிலும் சாகமாட்டான். வயிற்றைக் கலக்கும் சேதி என்னவென்றால், முதலாமவன் இரண்டாமவனாக மாறுவதற்கு வாகான இடமும் கோட்டைதான்.

கைமாறும் ஜக்கார்டு அட்டை

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறி பார்த்திருப்பீர்கள். தறியின் உச்சியில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அன்னமோ யாளியோ, உருவம் முழுக்க அட்டையில்தான் இருக்கிறது. அட்டைக் கட்டை அடுத்த தறிக்கு மாட்டினால் அந்தத் தறியும் அதே அன்னத்தை நெய்யும்.

பாக்டீரியாவிடமும் இப்படி ஓர் அட்டை இருக்கிறது, பிளாஸ்மிட். வளையமான சின்ன டி.என்.ஏ. ஒரு பாக்டீரியா குழாய் நீட்டி இன்னொன்றுக்கு நகல் கொடுத்துவிடும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேற்று இனத்துக்கும் கொடுக்கும். எல்லோரும் தோளோடு தோள் உரசி வாழும் படலத்துக்குள் இந்தக் கைமாற்று இன்னும் சுலபம்.

இந்தக் கதையின் மிகப் பிரபலமான அட்டை நம் வீட்டு வாசலிலேயே எண்ணப்பட்டது. டெல்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் ஒரு விசித்திர பாக்டீரியா கிடைத்தது. கடைசிக் கையிருப்பு என்று டாக்டர்கள் பூட்டி வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். பெயரில் நியூ டெல்லி ஒளிந்திருந்ததால் இங்கே பெரிய சண்டை. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆராய்ச்சியாளர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று என்.டி.எம்-1 உள்ள பாக்டீரியாக்கள் எண்ணப்பட்டன. பலவற்றில் அந்த மரபணு பிளாஸ்மிடில்தான் சவாரி செய்துகொண்டிருந்தது.

இடைவேளை: கோவில் இட்லி

பயந்துவிட்டீர்களா? ஒரு இட்லி சாப்பிடுவோம். வரதராஜப் பெருமாள் கோவிலின் குடலை இட்லி: மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த மாவை ஊற்றி ஆவியில் வேகவைத்தது.

இட்லி மாவைப் பொங்க வைக்கும் முக்கிய ஆசாமி லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அவரும் கோந்துக்காரர்தான்! கரும்புச் சர்க்கரை கிடைத்தால் டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பைச் சுரப்பார், சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே எரிச்சல். அதோடு, வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் அவரைப் பிறவியிலேயே ஒன்றும் செய்யாது. கோந்தும் உண்டு, எதிர்ப்பும் உண்டு, ஆனாலும் பரம சாது. நாம் அவரோடு தினமும் காலைச் சிற்றுண்டி சாப்பிடுகிறோம். கோந்து சுரப்பதே குற்றமில்லை. எங்கே ஒட்டுகிறது என்பதுதான் வழக்கு.

ஒரு முழம் பட்டு நூல்

எங்கே ஒட்டும்? காஞ்சிபுரத்துக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும். பட்டு நூலில்!

அறுவை சிகிச்சையில் தையல் போடப் பட்டு நூல் காலங்காலமாகப் புழங்குகிறது. லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் 1957-ல் வெளியிட்ட ஆய்வு இது. முன்வந்த மனிதர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸைச் செலுத்தி, எத்தனை இருந்தால் சீழ் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். வெறும் தோலில் பத்து லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. நம் உடம்பு அவ்வளவு பேரைச் சமாளிக்கிறது! அதே இடத்தில் பட்டுத் தையல் ஒன்று இருந்தால்? நூறு அளவுக்கு இருந்தாலே போதும். பத்தாயிரம் மடங்கு சலுகை!

பட்டு கெட்டதா? இல்லை. உயிரில்லாத எந்தப் பொருளும் உடம்புக்குள் கிருமிக்கு ஒரு திண்ணை. பின்னிய நூலில் இண்டு இடுக்கு அதிகம், திண்ணையும் அதிகம். சிறுநீர்க் குழாய், ரத்தக்குழாயில் செருகும் வடிகுழாய், இதய வால்வு, பேஸ்மேக்கர் கம்பி, பெரியப்பாவின் மூட்டு, எல்லாமே திண்ணைகள்தான்.

ஆனால் ஜவுளி இந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமும் செய்திருக்கிறது. ஜெர்மனியில் துணிச் சாயங்களை உருவாக்கிய தொழிற்சாலைகளின் பக்கவாட்டுக் கதவிலிருந்துதான் கிருமி மருந்து வெளியே வந்தது. பேயர் நிறுவனத்தில் கெர்ஹார்ட் டோமாக் 1932-ல் ஒரு சிவப்புச் சாயத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிலிருந்து எலிகள் பிழைத்தன. பிரான்டோசில்! கையில் ஊசி ஏறி, தொற்று முற்றித் தவித்த தன் மகளுக்கே அதைக் கொடுத்துக் காப்பாற்றினார். 1939-ல் அவருக்கு நோபல் அறிவித்தார்கள். பாரிஸ் விஞ்ஞானிகள் பிரான்டோசிலை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேலை செய்தது நிறமே இல்லாத சல்ஃபனிலமைடு என்ற துண்டு. சிவப்பு வெறும் படாடோபம்!

பசைக்கு முதல் மரியாதை

ஆக, என்ன செய்வது? பட்டறைப் பெரியவரின் விதியேதான்: முதலில் பசை, அப்புறம் சாயம். முதலில் கோட்டை, அப்புறம் மருந்து.

பல்லுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பிரஷ்ஷுக்கு ஈடாகாது. தேய்த்தால்தான் படலம் போகும். தண்ணீர்க் குடத்தை அலசினால் போதாது, நாரை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். மூன்று முறை அலசிய பணியாரச் சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். ஆறாத புண்ணை நர்ஸ் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது "எதுக்கும்மா சித்திரவதை, மாத்திரை குடுங்க" என்று கெஞ்சக் கூடாது. அவர் பசை எடுக்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், "இது இன்னும் தேவையா, எப்ப எடுப்பீங்க?" என்று டாக்டரிடம் தினமும் கேட்கலாம். குழாய் இல்லையென்றால் திண்ணையே இல்லை.

மருந்து விஷயத்தில் கணக்கு இன்னும் கறார். 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி விற்பதற்குக் கடிவாளம் போட ஒரு திட்டம் தீட்டின. உலகம் அதைச் சென்னைப் பிரகடனம் என்றே சொல்கிறது. முன்னின்று நடத்தியவர் சென்னை டாக்டர் அப்துல் கஃபூர். 2013-ல் மத்திய அரசு ஹெச்-1 என்ற புது அட்டவணை கொண்டுவந்தது. அதில் இருக்கும் மருந்துகளை விற்றால் மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016 முதல் ஆன்டிபயாட்டிக் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதே என்று அர்த்தம். ஜலதோஷத்துக்கு "போன தடவை குடுத்த அதே மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கடையில் நிற்கும்போது அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு தடவை பாருங்கள். ஜலதோஷ வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. உடம்பெங்கும் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு மட்டும் இலவசப் பயிற்சி வகுப்பு.

சாயங்காலம்: தீர்ப்பு

பஸ் ஏறும் முன் பட்டறைக்கு மறுபடி ஓடினேன். லேபில் பார்த்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கோந்து, கோட்டை, பணியாரச் சட்டி, பத்தாயிரம் மடங்கு! பெரியவர் கற்றையை உதறிக் காயப்போட்டபடியே கேட்டுக்கொண்டார். அங்கலாய்க்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஊதா விரல்களைப் பார்த்ததும்தான் அவர் முகத்தில் ஆர்வம் வந்தது. கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். வரவில்லை.

"நல்லா ஏறியிருக்கே" என்றார், ஒரு சாயக்காரருக்கு இன்னொரு சாயக்காரர் கொடுக்கும் பாராட்டாக. "மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவினீங்களாம்மா?"